கடல் இல்லாத ஊரிலிருந்து கடலாமைக்கு என்ன செய்ய முடியும்?

தேவகோட்டையிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இதுதான். தை அமாவாசைக்குக் குடும்பத்தோடு தீர்த்தாண்டதானம் போனீர்கள். கரையில் பெரிய ஆமை ஒன்று செத்து ஒதுங்கிக் கிடந்தது. உடம்பில் காயம் இல்லை, கண் மட்டும் பிதுங்கியிருந்தது. 'பிளாஸ்டிக்கைத் தின்று செத்திருக்கும்' என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். ஊர் திரும்பியதும் உங்கள் பிள்ளைகள் வீட்டில் பாலிதீன் பையையே நிறுத்திவிட்டார்கள். அது போதுமா, கடலே இல்லாத செட்டிநாட்டில் இருந்துகொண்டு வேறு ஏதாவது செய்ய முடியுமா என்பது கேள்வி.

பையை நிறுத்தியது நல்ல காரியம், விட்டுவிடாதீர்கள். ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அந்த ஆமையைக் கொன்றது பெரும்பாலும் வலையாகத்தான் இருக்கும். காயமில்லாமல் கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தால் மூச்சுமுட்டிச் செத்திருக்கலாம் என்றுதான் முதலில் சந்தேகப்படுவார்கள். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கடற்கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) செத்து ஒதுங்கியபோதும் இதே அடையாளம்தான். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அதைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. அறுத்துப் பார்க்காமல் ஒரு தனி ஆமையைப் பற்றி அடித்துச் சொல்ல முடியாது, அது வேறு விஷயம்.

ஆமை எப்படித் தண்ணீரில் மூழ்கிச் சாகும் என்று பலர் கேட்பார்கள். கடலாமைக்குச் செவுள் கிடையாது, நுரையீரல்தான். அடியில் சும்மா படுத்து ஓய்வெடுக்கும்போது மணிக்கணக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். வலைக்குள் மாட்டித் திமிறும்போது அந்தக் கையிருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். விசைப்படகில் இழுவை மடியை, அதாவது பை போன்ற இழுவலையை, ஒருமுறை இறக்கினால் இரண்டு மூன்று மணி நேரம்கூட இழுப்பார்கள். நம் கிழக்குக் கடலில் மார்கழியில் ஆரம்பித்துப் பங்குனி வரை இந்த ஆமைகள் இணைசேரவும் முட்டையிடவும் கரையோரத்தில் கூடுகின்றன. இறால் கிடைப்பதும் அதே ஆழத்தில்தான். அதனால் மடியும் அங்கேதான் இறங்குகிறது.

இதில் ஒரு கோளாறு இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். மீன் இனப்பெருக்கத்தை வைத்து அமைத்த கணக்கு அது. ஆமைகளின் உச்ச மாதங்கள் ஜனவரி முதல் மார்ச் வரை. தடை தொடங்கும்போது முட்டையிட வந்த ஆமைகளில் பெரும்பகுதி வேலையை முடித்துக்கொண்டு திரும்பியிருக்கும், அல்லது செத்திருக்கும். ஆக, தடைக்காலம் ஆமைக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்தால் அது தப்பு. ஆமையைக் காப்பாற்ற வேண்டியது வேறொரு விதி. கரையை ஒட்டிய கடல் நாட்டுப்படகுக்காரர்களுக்கு, விசைப்படகு வெளியே போய்த்தான் மடி இறக்க வேண்டும் என்பதே தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் அடிப்படை. 1983-லிருந்து அந்தச் சட்டம் இருக்கிறது. அதை ஒழுங்காக அமல்படுத்தினாலே பாதி ஆமை பிழைக்கும் என்பது என் எண்ணம். நாட்டுப்படகுச் சங்கங்கள் வருடக்கணக்காகக் கேட்பதும் இதைத்தான். அவர்கள் ஆமைக்காகக் கேட்கவில்லை, தங்கள் மீன்பாட்டுக்காகக் கேட்கிறார்கள். பலன் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

பெரிய ஆமை ஒன்று சாவது ஏன் அவ்வளவு நஷ்டம் என்பதற்கு ஒரு கணக்கு. பங்குனி ஆமை ஒரு குழியில் நூறு, நூற்றிருபது முட்டை இடும். ஆறேழு வாரத்தில் குஞ்சு வரும். ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் வளர்ந்து பெரிதாகும் என்று தோராயமாகச் சொல்வார்கள். அப்படியானால் ஒரு தாய் ஆமையை ஈடுசெய்ய ஏறக்குறைய பத்துக் குழி முட்டையைக் காப்பாற்ற வேண்டும், அதுவும் பத்துப் பதினைந்து வருடம் காத்திருக்க வேண்டும். தனுஷ்கோடிப் பக்கம் முகுந்தராயர் சத்திரத்தில் வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. சென்னையில் மாணவர்கள் 1988-லிருந்து இரவு இரவாகக் கடற்கரையில் நடந்து முட்டையைக் காப்பாற்றி வருகிறார்கள். நாய், நரி, காகம், முட்டைத் திருடர் எல்லாரிடமிருந்தும் காக்கும் அருமையான வேலை. ஆனால் செய்தித்தாளில் குஞ்சு விடும் படம் வந்தவுடன் பிரச்சினை தீர்ந்தது என்று நாம் திருப்திப்பட்டுக்கொள்கிறோமே, அது எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. அதே வாரத்தில் மடியில் மாட்டிய தாய் ஆமைகளின் கணக்கை எந்தப் படமும் காட்டுவதில்லை.

வலையில் வந்த ஆமை எல்லாமே செத்ததும் இல்லை. மயங்கிக் கிடப்பதைச் செத்ததென்று நினைத்துக் கடலில் தூக்கிப் போட்டால் மயக்கத்திலேயே மூழ்கிவிடும். படகிலேயே வயிற்றுப்பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, பின்பகுதியை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கிவைத்து, நிழலில், ஈரத்துணி போர்த்தி சில மணி நேரம் விட வேண்டும். நுரையீரலில் புகுந்த தண்ணீர் வடிந்து பல ஆமைகள் அசைய ஆரம்பிக்கும். ஒரு நாள் வரைகூடப் பொறுத்துப் பார்க்கலாம். மல்லாக்கப் போடவே கூடாது. தொண்டியிலோ கோட்டைப்பட்டினத்திலோ ஜெகதாப்பட்டினத்திலோ உங்களுக்குச் சொந்தபந்தம், தெரிந்த படகுக்காரர் இருந்தால் இதைச் சொல்லிவையுங்கள். சாக வேண்டும் என்று எந்த மீனவரும் ஆமையைப் பிடிப்பதில்லை. ஆமை மாட்டினால் வலையும் கிழியும், மீன்பாடும் நசுங்கும்.

சரி, வலையைப் போட்டுக்கொண்டே ஆமையை விடுவிக்க வழி இல்லையா? இருக்கிறது. மடியின் வால் பகுதிக்கு முன்னால் ஜன்னல் கம்பி மாதிரி ஒரு சட்டத்தைச் சாய்வாகப் பொருத்தி, அதற்கு மேலோ கீழோ ஒரு திறப்பு வைப்பார்கள். இறாலும் சின்ன மீனும் கம்பிக்கு இடையே புகுந்து பின்னால் போய்விடும், ஆமை கம்பியில் முட்டித் திறப்பு வழியே வெளியேறிவிடும். ஆமை விலக்குக் கருவி என்று பெயர். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்ற மாதிரி ஒன்றை வடிவமைத்தும் கொடுத்தது. படகுக்காரர்கள் தயங்குவது, திறப்பு வழியே பெரிய மீனும் போய்விடும் என்பதால். அந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு; டீசல் விலையும் கடனும் கழுத்தைப் பிடிக்கும்போது ஒரு கூடை மீன் போனாலும் வலிக்கத்தான் செய்யும்.

இந்தக் கருவி உலக வர்த்தகத்தையே ஒருமுறை உலுக்கியது. ஆமை விலக்குக் கருவி இல்லாமல் பிடித்த இறாலை வாங்க மாட்டோம் என்று அமெரிக்கா சட்டம் போட்டது. அதை எதிர்த்து இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்புக்குப் போயின. 1998-ல் வந்த முடிவு சுவாரசியமானது: அமெரிக்கா அதை நடைமுறைப்படுத்திய விதம் பாரபட்சமானது, ஆனால் ஆமையைக் காப்பதற்காக வர்த்தகத்தைக் கட்டுப்படுத்துவது அடிப்படையில் தவறில்லை. அப்புறம் என்ன ஆனது? சில ஆண்டுகளாக நம் கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை, பண்ணை இறால் மட்டும் போகிறது. அமெரிக்கக்காரர் கேட்ட கேள்வியைக் காரைக்குடி மார்க்கெட்டில் நாம் இதுவரை கேட்டதில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். செட்டிநாட்டுக்குக் கடல் இல்லை, ஆனால் இறால் தொக்கும் நண்டு ரசமும் இல்லாத செட்டிநாட்டுச் சாப்பாடு உண்டா? கிழக்கே ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் இருக்கும் பாக் விரிகுடாவிலிருந்துதான் அந்த மீனில் கணிசமான பங்கு நமக்கு வருகிறது. வாங்கும் இடத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இது லாஞ்சு மீனா, நாட்டுப்படகு மீனா?' லாஞ்சு என்றால் மடி இழுக்கும் விசைப்படகு. அனுபவமுள்ள மீன்காரம்மாவுக்கு இது கண்டிப்பாகத் தெரியும். மடியில் வந்த மீன் நசுங்கி, சேறு படிந்து, ஐஸில் கிடந்து வந்திருக்கும். நாட்டுப்படகு மீன் விலை கூடுதல், ருசியும் கூடுதல். தை முதல் பங்குனி வரையாவது மடி இறாலைத் தவிர்த்துவிட்டு நாட்டுப்படகு மீனுக்கு அந்தக் கூடுதல் காசைக் கொடுக்கலாம். நான் செய்வது இதுதான். ஓட்டல் நடத்துகிறவர்கள் செய்தால் பலன் பல மடங்கு. வனாமி இறால் பண்ணையில் வளர்வது, அதற்காக யாரும் மடி இழுப்பதில்லை. ஆனால் பண்ணைக் கழிவுநீர், தீவனத்துக்கு அரைக்கும் பொடி மீன் என்று அதற்கும் தனிக் கதை இருக்கிறது. நாட்டுப்படகும் முழுக்கச் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். திருக்கை வலையின் பெரிய கண்களில் ஆமை மாட்டும். நண்டு வலை பிய்ந்துபோனால் சில சமயம் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். ஆள் இல்லாமலே அது வருடக்கணக்கில் பிடித்துக்கொண்டிருக்கும். இருந்தாலும் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

மீனவர்களைக் குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடவும் கூடாது. பாக் விரிகுடாவின் இழுவலைப் படகுகளை ஆழ்கடல் செவுள்வலை, தூண்டில் படகுகளாக மாற்ற 2017-ல் ஒரு திட்டம் வந்தது. படகு ஒன்று 80 லட்சம் ரூபாய், அதில் 70 சதவீதம் மானியம். கேட்க நன்றாக இருக்கிறது. மீதிப் பணத்துக்குக் கடன் வாங்கி, பழகாத ஆழ்கடலுக்கு நாள்கணக்கில் போய், அங்கே பிடித்ததை விற்க ஏற்பாடும் இல்லாமல் ஒருவர் ஏன் மாற வேண்டும் என்று அவர் இடத்திலிருந்து யோசித்தால் திட்டத்துக்கு வேகம் ஏன் வரவில்லை என்பது புரியும்.

இனி பிளாஸ்டிக். அது வலைக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது என்பதற்காக அலட்சியப்படுத்த வேண்டாம். மிதக்கும் பையை ஜெல்லி மீன் என்று நினைத்து ஆமை தின்னும். தொண்டைக்குள் உள்நோக்கிச் சாய்ந்த முள் முள்ளான தசை நிறைய இருப்பதால் விழுங்கியதைத் துப்புவது கஷ்டம். கடலில் ஊறிப் பாசி படிந்த பிளாஸ்டிக் தீனி வாசமும் அடிக்கும், வாசத்துக்கே ஆமை தேடி வரும் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் இறந்த ஆமைகளை வைத்து 2018-ல் வெளியான ஆய்வில், வயிற்றில் 14 துண்டு இருந்தாலே ஆமை சாகும் வாய்ப்பு ஐம்பது சதவீதம் என்று கணக்கிட்டார்கள். குடலை அடைக்க நிறைய வேண்டாம், இடம் தப்பிப் போனால் ஒரு துண்டே போதும்.

செட்டிநாட்டுக் குப்பை கடலுக்கு எப்படிப் போகும் என்று கேட்டால், நம் தரை கிழக்கே சாய்ந்த தரை. விருசுழியாறும் பாம்பாறும் பாக் விரிகுடாவில்தான் முடிகின்றன. வருடத்தில் பெரும்பகுதி மணல்தான் ஓடுகிறது என்பதால் அவற்றை நாம் ஆறாகவே மதிப்பதில்லை. ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவர முன்னோர் வெட்டிய வரத்துக்கால்களில் வருடம் பூராவும் பை, கப்பு, குடிநீர் பாட்டில் சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டியதும் வாய்க்கால் கண்மாயைத் தொட்டு, கண்மாய் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து, அத்தனையும் ஆற்றுக்கு வந்துவிடும். மழை ஓய்ந்த மார்கழியில் கடலுக்கு ஆமைகள் வருகின்றன. ஆகவே பிளாஸ்டிக் பொறுக்க நல்ல இடம் நம் வரத்துக்கால்தான், நல்ல காலம் புரட்டாசி. பிள்ளைகள் பஸ் ஏறிக் கடற்கரைக்குப் போய்ச் சுத்தம் செய்துவிட்டு வருவதைவிட, மழைக்கு முன்னால் உங்கள் தெருவின் வரத்துக்காலை ஒருநாள் அள்ளினால் அது கடலுக்குப் போகாமல் இங்கேயே நிற்கும். ஊருணியும் நிரம்பும்.

எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு முறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. மஞ்சப்பை இயக்கமும் 2021-ல் வந்தது. ஆனால் நம் ஊர்க் கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். வளவில் பந்தி போட்டு, வாழை இலை விரித்து, ஒவ்வொரு இலைக்கும் பக்கத்தில் ஒரு குட்டித் தண்ணீர் பாட்டில். பாதி குடித்த பாட்டில்கள் மூட்டை மூட்டையாகப் பின்கட்டுக்குப் போகின்றன. எவர்சில்வர் டம்ளரும் தண்ணீர் ஊற்ற இரண்டு பையன்களும் இருந்தால் தீர்கிற காரியம். பெரிய வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் 'எங்கள் விசேஷத்தில் பாட்டில் கிடையாது' என்று பத்திரிகையிலேயே போட்டால் மற்றவர்களும் பின்பற்றுவார்கள். நம் ஊரில் எது கௌரவம் என்று ஆகிறதோ அது வேகமாகப் பரவும்.

தை, ஆடி அமாவாசைகளுக்குத் தேவிபட்டினத்துக்கும் தீர்த்தாண்டதானத்துக்கும் போகிறவர்களுக்கு ஒன்று. தர்ப்பணம் முடித்து உடுத்திய துணியைக் கடலில் விடுவதும், பூஜைச் சாமான் கொண்டுபோன பையை அப்படியே விட்டுவிட்டு வருவதும் கண்முன்னால் நடக்கிறது. நனைந்த பாலியெஸ்டர் துணி ஆமையின் துடுப்பில் சுற்றினால் அதற்கு அவிழ்க்கத் தெரியாது. எள்ளும் தண்ணீரும் கடலுக்கு, துணி கரையிலேயே குப்பைத் தொட்டிக்கு. பித்ருக்கள் கோபிக்க மாட்டார்கள். தை அமாவாசை ஆமைப் பருவத்தின் நடுவில் வருவதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

பாக் விரிகுடாவில் நாம் காக்க வேண்டியது பங்குனி ஆமை மட்டுமில்லை. ஆழம் குறைந்த இந்தக் கடலின் அடியில் கடல்புல் படுகை பரந்து கிடக்கிறது. பச்சை ஆமை என்றும் சொல்லும் பேராமை வளர்ந்தபின் அதன் முக்கியத் தீனி அது. ஆவுளியா என்று கடலோரத்தில் சொல்லும் கடற்பசுவுக்கும் அதுதான். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். பெயர் கடற்பசுவுக்கு என்றாலும், இழுவை மடி அந்தப் புல்லைப் பிடுங்காமல் இருந்தால் பேராமையும் பிழைக்கும். இந்தியக் கடலில் வரும் மற்ற மூன்று வகை அழுங்காமை, தோணியாமை, பெருந்தலை ஆமை. ஐந்துமே 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பிடித்தாலும் கறியோ முட்டையோ விற்றாலும் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை.

காப்பாற்றினால் மீளுமா என்ற சந்தேகம் உங்கள் பிள்ளைகளுக்கு வரலாம். பேராமை மீண்டுகொண்டிருக்கிறது. 2025 அக்டோபரில், சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன்-னின் பட்டியலில் அதை 'அழியும் நிலை'யிலிருந்து 'குறைந்த கவலை'க்கு மாற்றினார்கள். பல நாடுகளில் முட்டைத் திருட்டையும் கறி வியாபாரத்தையும் பல பத்தாண்டுகள் தடுத்ததன் பலன் அது. உலகச் சராசரிதான், எல்லாக் கடலிலும் அப்படி இல்லை. எதிர்ப்பக்க உதாரணம் நம் குடும்பங்களுக்குப் பழக்கமான மலாயாவில் இருக்கிறது. திரங்கானு மாநிலத்து ரந்தாவ் அபாங் கடற்கரையில் 1950-களில் வருடத்துக்குப் பத்தாயிரம் தோணியாமைக் குழிகள். முட்டையை ஏலம் விட்டே தின்றார்கள், வலையும் சேர்ந்துகொண்டது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டது. எல்லா வகை ஆமை முட்டை விற்பனையையும் அங்கே தடை செய்தது 2022-ல்தான்.

பர்மா, மலாயாவிலிருந்து வந்த சாமான்கள் என்றதும் இன்னொன்று. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளிலோ பழைய பெட்டகத்திலோ பழுப்பும் மஞ்சளும் கலந்த, வெளிச்சத்தில் பிடித்தால் ஊடுருவித் தெரியும் சீப்போ சிமிழோ கண்டால், அது அழுங்காமை ஓடாக இருக்கலாம். ஐயுசிஎன் கணக்கில் மிக மோசமான நிலையில் இருக்கும் ஆமை அது. எவ்வளவு பழசாக இருந்தாலும் விற்பதும் வாங்குவதும் குற்றம். வீட்டில் இருந்தால் விலை பேசாதீர்கள், வனத்துறையிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

ஊருணி ஆமையைக் கடலில் கொண்டுபோய் விடும் 'புண்ணியமும்' வேண்டாம். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்ற பயத்தில் சிலர் செய்கிறார்கள். அது நன்னீர் ஆமை, கடல்நீரில் பிழைக்காது. பிடித்த குளத்திலேயே விடுங்கள்.

அடுத்த முறை கரையில் ஆமையைப் பார்த்தால்: செத்ததாக இருந்தால் தொடாமல், புதைக்காமல், ஓட்டின் மேல்பக்கமும் தலையும் தெரியப் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள். உயிரோடு சோர்ந்து ஒதுங்கியிருந்தால் பரிதாபப்பட்டுக் கடலுக்குள் தள்ளிவிடாதீர்கள். நீந்த முடியாமல்தான் அது கரைக்கு வந்திருக்கும். நிழல் கொடுத்து ஆள் வரும்வரை காத்திருங்கள். இரவில் முட்டையிட ஏறும் ஆமை என்றால் டார்ச்சும் செல்போன் வெளிச்சமும் கூடாது, பின்னால் தள்ளி நின்று பாருங்கள். பிள்ளைகளுக்கு இதில் மேலும் ஆர்வம் இருந்தால், அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல், கடற்கரை ஆய்வுத் துறை தொண்டியிலேயே இருக்கிறது. பள்ளி மூலம் ஒரு கடிதம் எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு போய்வரலாம்.